வாயு அடுப்பா, மின்சார அடுப்பா?

வீட்டுக்கு எந்த அடுப்பு உகந்தது என்ற கேள்வி பார்வைக்கு மிகச் சிறியது. தேச விவகாரங்களும் உலக விவகாரங்களும் இவ்வளவு மலிந்து கிடக்கையில், அடுப்பைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் புருவத்தை நெரிக்கலாம். ஆனால் நாளைக்கு மூன்று வேளை சமைக்கும் குடும்பத்தில் ஆண்டொன்றுக்கு ஆயிரம் தடவைக்கு மேல் அடுப்பு மூட்டப்படுகிறது. ஆயிரம் தடவை செய்யும் காரியத்தில் ஒவ்வொரு தடவையும் ஒரு ரூபாய் வீணானால் ஆயிரம் ரூபாய். ஒவ்வொரு தடவையும் கால் மணி நேரம் வெக்கையில் நிற்க நேர்ந்தால் இருநூற்றைம்பது மணி நேரம். இந்த ஆயிரம் ரூபாயைக் கொடுப்பவர் ஒருவர். இருநூற்றைம்பது மணி நேரம் நிற்பவர் பெரும்பாலும் இன்னொருவர். ஆகையால் இந்தக் கேள்வியில் குடும்பத்தின் பணம் மாத்திரமன்றி, குடும்ப நியாயமும் அடங்கியிருக்கிறது.

மதுரையைத் தூங்கா நகரம் என்பார்கள். அந்தப் பெயருக்கு அடுப்பும் ஒரு காரணம் என்பது நமது அபிப்பிராயம். பொழுது புலருமுன் இட்லிக் கொப்பரை ஏறிவிடுகிறது. நள்ளிரவு கடந்தும் பரோட்டாக் கல் இறங்குவதில்லை. கடைகளின் விஷயம் இருக்கட்டும். மாசி வீதியிலும் ஆவணி மூல வீதியிலும் உள்ள பழைய வீடுகளிலும், ஊருக்கு வெளியே எழும்பியிருக்கும் புதிய குடியிருப்புகளிலும், மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி முதலிய சுற்றுப்புற ஊர்களிலும் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு எது நல்லது என்று இவ்வாரம் ஆராய்வோம்.

அடுப்பு வந்த வழி

விறகும் வறட்டியும், பிறகு அடுப்புக் கரியும், அதன் பிறகு மண்ணெண்ணெயும் நம் சமையலறையை ஆண்ட காலம் வெகு நீண்டது. சிலிண்டரில் அடைத்த சமையல் வாயு நம் தேசத்தில் முதன் முதலாக 1955-ம் ஆண்டையொட்டிப் பம்பாயில் விற்பனைக்கு வந்தது. இந்தியன் ஆயில் நிறுவனம் 1965-ல் கல்கத்தாவில் தன் முதல் இணைப்பைக் கொடுத்தது. அதற்குப் பிறகும் பல்லாண்டுக் காலம் வாயு இணைப்பு என்பது பதிவு செய்துவிட்டுக் காத்துக் கிடந்து பெறும் பாக்கியமாகவே இருந்தது. பெண் கேட்டு வருகிறவர்கள் வீட்டில் சிலிண்டர் இருக்கிறதா என்று கண்ணோட்டம் விடுவதும் உண்டு.

தமிழ்நாட்டு சர்க்கார் 2007-ல் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச வாயு அடுப்புகளை வழங்கத் தொடங்கிற்று. 2011-ல் மிக்ஸியும் கிரைண்டரும் மின்விசிறியும் இலவசமாக வழங்கும் திட்டம் வந்தது. இவ்விரண்டு திட்டங்களும் வெவ்வேறு ஆட்சியில் பிறந்தவை. ஆயினும் இரண்டும் ஒரே சமையலறைக்குள் போய்ச் சேர்ந்தன. சமைப்பதற்கு வாயு, அரைப்பதற்கு மின்சாரம் என்ற பங்கீடு நம் வீடுகளில் ஏற்பட்டது இப்படித்தான். அரைக்கும் வேலையில் மின்சாரத்துக்குப் போட்டியே கிடையாது. கோயமுத்தூர்க் கிரைண்டர் வந்தபின் ஆட்டுரலிடம் திரும்பிப் போக யாரும் விரும்பமாட்டார்கள். வழக்கு நடப்பதெல்லாம் அடுப்பையும் வெந்நீரையும் பற்றியே.

இரண்டும் எங்கிருந்து வருகின்றன?

மின்சாரம் சுதேசி, வாயு விதேசி என்று சிலர் சுருக்கமாகத் தீர்ப்புச் சொல்லி விடுகிறார்கள். இதில் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை. நமது தேசம் செலவிடும் சமையல் வாயுவில் பாதிக்கு மேல் அயல் தேசங்களிலிருந்து, பெரும்பாலும் பாரசீக வளைகுடாப் பக்கத்திலிருந்து, கப்பலில் வருகிறது. எங்கேயோ யுத்தம் மூண்டால் நமது தாளிப்புக் கரண்டியின் விலை ஏறும் என்பது இதன் பொருள்.

மின்சாரமோ அக்கம்பக்கத்துச் சரக்கு. 1895-ல் கட்டி முடிக்கப்பட்ட பெரியாறு அணையின் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாக வந்து, 1958-ல் இயங்கத் தொடங்கிய மின் நிலையத்தின் சக்கரங்களைச் சுழற்றிவிட்டு, பிறகு வைகையில் கலந்து வயலுக்குப் பாய்கிறது. அரிசியை விளைவிக்கும் தண்ணீரே அரிசியை வேகவைக்கும் மின்சாரத்தையும் கொடுக்கிறது என்று சொன்னால் அது கவிதையல்ல, வெறும் உண்மை. மதுரைக்குத் தெற்கே கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் திறக்கப்பட்டது. மழை பொய்க்கும் பூமியில் வெயில் ஒருநாளும் பொய்ப்பதில்லை யாகையால், அவ்விடம் தேர்ந்தெடுத்தது சமயோசிதம் என்றே சொல்லவேண்டும்.

ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. கமுதியின் வெயில் நண்பகலில் உச்சத்திலிருக்கும். நமது அடுப்போ காலை ஆறு மணிக்கும் இரவு ஏழு மணிக்கும் எரியும். அந்த வேளைகளில் வரும் மின்சாரத்தில் பெரும்பங்கு தூத்துக்குடி முதலான அனல் நிலையங்களில் நிலக்கரியை எரித்து உண்டாக்கப்படுவது. இராமநாதபுரம் ஜில்லாவிலுள்ள வழுதூரில் பூமிக்கடியிலிருந்து கிடைக்கும் வாயுவை எரித்தே மின்சாரம் தயாரிக்கிறார்கள். ஆகவே மின்சார அடுப்பில் சமைக்கும் அம்மாளும் எங்கோ ஓரிடத்தில் கரியையோ வாயுவையோ எரித்துக்கொண்டுதான் இருக்கிறார். புகை தன் வீட்டில் இல்லை என்பதே வித்தியாசம். அந்த வித்தியாசம் சிறிதல்ல. ஆனால் புண்ணியமெல்லாம் ஒரு பக்கம், பாபமெல்லாம் மறுபக்கம் என்று பேசுவது பொருந்தாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

வீட்டு உபயோகத்துக்கான சிலிண்டரில் 14.2 கிலோ வாயு இருக்கிறது. அதில் அடங்கிய உஷ்ணத்தை மின்சாரக் கணக்கில் சொன்னால் சுமார் 180 யூனிட். ஆனால் அவ்வளவும் பாத்திரத்துக்குள் போவதில்லை. ஜ்வாலையில் ஒரு பகுதி பாத்திரத்தின் ஓரமாக வெளியேறிச் சமையலறையைச் சூடாக்குகிறது. நல்ல வாயு அடுப்பின் திறன் நூற்றுக்கு 68-க்குக் குறையக்கூடாது என்பது இந்தியத் தர நிர்ணய விதி. பரிசோதனைச் சாலையில் 68 காட்டும் அடுப்பு, பர்னர் துவாரத்தில் பால் பொங்கி அடைத்துக்கொண்ட நம் வீட்டில் 60 காட்டினால் அதுவே பெரிது.

இண்டக்ஷன் அடுப்பு வேறு விதமாக வேலை செய்கிறது. அதன் கண்ணாடித் தட்டுக்கு அடியிலுள்ள கம்பிச் சுருளில் மின்சாரம் அதிவேகமாகத் திசை மாறி ஓடுகிறது. அதனால் உண்டாகும் காந்த சக்தி, மேலே வைத்த இரும்புப் பாத்திரத்தின் அடிப்பாகத்திலேயே உஷ்ணத்தைப் பிறப்பிக்கிறது. ஜ்வாலை இல்லாததால் சேதம் குறைவு. நூற்றுக்கு 85 பங்கு உணவுக்குப் போய்ச் சேரும் என்று கொள்ளலாம். இந்தக் கணக்கின்படி ஒரு சிலிண்டர் செய்யும் வேலையை இண்டக்ஷன் அடுப்பு சுமார் 130 யூனிட்டில் செய்துவிடும்.

இந்த 130 என்ற எண்ணை நேயர்கள் சமையலறைச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளலாம். சிலிண்டருக்குக் கொடுக்கும் விலையை 130-ஆல் வகுத்தால் ஒரு தொகை கிடைக்கும். மின்சார யூனிட்டின் விலை அதற்குக் குறைவாயிருந்தால் மின்சாரம் லாபம். அதிகமாயிருந்தால் வாயு லாபம். விலைகள் எவ்வளவு மாறினாலும் இந்தச் சூத்திரம் மாறாது.

விலைகளோ மாறிக்கொண்டே இருக்கின்றன. சென்னையில் 2023 மார்ச்சில் ரூ.1,118.50 ஆக இருந்த சிலிண்டர், 2024 மார்ச்சில் ரூ.818.50 ஆயிற்று, 2025 ஏப்ரலில் ரூ.868.50 ஆயிற்று. ஒரே ஆண்டில் முந்நூறு ரூபாய் இறங்கிய பண்டம் மறு ஆண்டில் ஏறவும் கூடும். ஆதலால் இன்றைய விலையை மட்டும் பார்த்து வீட்டை ஒரேயடியாக மாற்றியமைப்பது விவேகமன்று.

எந்த யூனிட்டின் விலை?

இங்கேதான் பெரும்பாலோர் தவறிவிடுகிறார்கள். மின்சாரத்துக்கு ஒரே விலை கிடையாது. 2016-ல் தமிழ்நாட்டு வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்று உத்தரவாயிற்று. அதற்கு மேல் படி ஏற ஏற விலையும் ஏறும். புதிதாக வாங்கும் அடுப்பு செலவிடப் போகும் யூனிட்டுகள் இலவசமான முதல் நூறில் சேர்பவை அல்ல. ஏற்கெனவே விளக்கும் விசிறியும் குளிர்பதனப் பெட்டியும் தின்று தீர்த்ததற்கு மேலே போய் உட்காருபவை. ஆகையால் நாம் பார்க்கவேண்டியது மேல்படியின் விலை.

2022 செப்டம்பர் மாதக் கட்டண உத்தரவை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அதன்படி இரண்டு மாதத்தில் 500 யூனிட் வரை செலவிடும் வீட்டுக்கு 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு ரூ.2.25, 201 முதல் 400 வரை ரூ.4.50, 401 முதல் 500 வரை ரூ.6. ஆனால் மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால், 101 முதல் 400 வரை முழுவதற்கும் ரூ.4.50 ஆகிவிடும். 501 முதல் 600 வரை ரூ.8, அதற்கு மேல் ரூ.9 என்று ஏறும். அச்சமயம் சென்னையில் சிலிண்டர் விலை ரூ.1,068.50. நால்வர் உள்ள குடும்பத்துக்கு ஒரு சிலிண்டர் 45 நாள் வருமானால், இரண்டு மாத வாயுச் செலவு சுமார் ரூ.1,425, அதே சமையலை இண்டக்ஷனில் செய்தால் சுமார் 175 யூனிட்.

முதல் வீடு சிக்கனமான வீடு. சமையல் நீங்கலாக 200 யூனிட் செலவு. அங்கே அடுப்பை முழுவதும் மாற்றினால் 375 யூனிட் ஆகும். அதிகமாகக் கட்டவேண்டியது ரூ.787.50; வாயுவில் மிச்சம் ரூ.1,425. மின்சாரத்துக்கே வெற்றி.

இரண்டாவது வீட்டில் 400 யூனிட் செலவு. மாற்றினால் 575. ஐந்நூறைத் தாண்டிய பாபத்துக்குப் பழைய யூனிட்டுகளின் விலையும் ஏறிவிடுவதால், அதிகமாகக் கட்டவேண்டியது ரூ.1,425. வாயுவில் மிச்சமாவதும் அதே தொகை. உழைப்பு உண்டு, ஊதியமில்லை.

மூன்றாவது வீட்டில் குளிர்சாதன யந்திரம் இருக்கிறது; 500 யூனிட் ஏற்கெனவே போய்விடுகிறது. மாற்றினால் 675. அதிகச் செலவு ரூ.1,700. கையிலிருந்து ரூ.275 நஷ்டம்.

இனி இரண்டாவது வீட்டுக்கு ஒரு யுக்தி சொல்கிறோம். சமையலை முழுவதும் மாற்றாமல் 100 யூனிட் அளவுக்கு மாத்திரம் மின்சாரத்துக்குக் கொண்டுபோனால், கணக்கு 500-ல் நின்றுவிடும். அதிகச் செலவு ரூ.600, மிச்சமாவது முக்கால் சிலிண்டர், அதாவது சுமார் ரூ.800. முழு மாற்றத்தில் கிடைக்காத லாபம் பாதி மாற்றத்தில் கிடைக்கிறது! அதன் பின்னர் கட்டண வீதங்கள் உயர்ந்திருக்கின்றன. வாயு விலையும் மாறியிருக்கிறது. நேயர்கள் தங்கள் வீட்டு மின் கட்டண ரசீதையும் கடைசி சிலிண்டர் ரசீதையும் அருகருகே வைத்துக்கொண்டு இதே முறையில் கணக்கிட்டால் கால் மணி நேரத்தில் உண்மை விளங்கிவிடும்.

வாடகை வீட்டில் குடியிருப்போரின் நிலைமை வேறு. சில வீட்டுக்காரர்கள் தனி மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே வீதமாக வசூலிக்கிறார்கள். இலவச யூனிட்டும் குறைந்த வீதமும் குடியிருப்பவர் கைக்கு எட்டுவதேயில்லை. அப்பேர்ப்பட்ட இடத்தில் மேலே சொன்ன சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தால் பெரும்பாலும் வாயுவே மலிவாக இருக்கும். சிக்கனத்துக்கு வழி தேடும் ஏழைக் குடித்தனக்காரருக்கே சிக்கனமான சாதனம் எட்டாமற் போவது வருந்தத்தக்கது. புது வீட்டுக்கு முன்பணம் கொடுக்குமுன் வாடகை எவ்வளவு என்று கேட்பதோடு நில்லாமல், மின்சாரம் யூனிட்டுக்கு எவ்வளவு என்றும் கேட்டுவிடுவது நலம்.

ஒற்றைக் காலில் நிற்கலாகாது

2008 தொடங்கிச் சில ஆண்டுகள் தமிழ்நாடு பட்ட மின்வெட்டுக் கஷ்டத்தை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். 2012-ல் சென்னைக்கு வெளியேயுள்ள ஜில்லாக்களில் நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலாக மின்சாரமில்லை. அப்போது மின்சார அடுப்பை மாத்திரம் நம்பிய வீட்டில் சோறு வேகாது. வீட்டிலுள்ள சாதாரண இன்வர்ட்டர் விளக்குக்கும் விசிறிக்கும் போதும். 2,000 வாட் அடுப்பைத் தாங்காது.

மறுபக்கத்துப் பாடத்தை நேபாளம் கற்பித்தது. 2015 செப்டம்பரில் எல்லைப் போக்குவரத்து தடைப்பட்டு, இந்தியாவிலிருந்து சமையல் வாயு போவது நின்றது. காட்மாண்டு நகரத்துக் குடும்பங்கள் மாதக்கணக்கில் விறகையும் இண்டக்ஷன் அடுப்பையும் தேடி அலைந்தன. சிலிண்டரை மாத்திரம் நம்பியவர்கள் அப்போது தவித்தார்கள். இரண்டு உதாரணங்களும் சொல்வது ஒன்றுதான்: எந்தச் சாதனமாயினும் ஒன்றையே நம்பியிருக்கும் வீடு ஒற்றைக் காலில் நிற்கும் வீடு.

பாத்திரமும் பக்குவமும்

மின்சார அடுப்பை வாங்கிப் பரணில் போட்டவர்கள் பலர். காரணம் கேட்டால், "நம்ம பாத்திரம் அதில் ஏறவில்லை" என்பார்கள். இண்டக்ஷன் அடுப்புக்குக் காந்தம் ஒட்டும் பாத்திரம் வேண்டும். அடி தட்டையாகவும் இருக்கவேண்டும். பாட்டி கொடுத்த பித்தளை உருளி, வெண்கலப் பானை, ரசத்துக்கான ஈயச் சொம்பு, கல்சட்டி, மண்சட்டி, அலுமினியக் குண்டான் ஆகிய எதுவும் அதில் சூடேறாது. இரும்புத் தோசைக்கல்லும் இரும்புச் சட்டியும் தட்டையாயிருந்தால் நன்றாகவே வேலை செய்யும். எவர்சில்வரில் சில ஒட்டும், சில ஒட்டா. கடைக்குப் போகும்போது சிறு காந்தத்தை இடுப்பில் முடிந்துகொண்டு போவது உத்தமம். அடுப்பின் விலையோடு புதுப் பாத்திரங்களின் விலையையும் கூட்டிக்கொள்ளாத கணக்கு கணக்காகாது.

அப்பளம் சுடுவதற்கும், கத்தரிக்காய் சுட்டுத் துவையல் அரைப்பதற்கும், சட்டியைச் சாய்த்துத் தாளிப்பதற்கும் ஜ்வாலைதான் வேண்டும். ஆனால் பால் காய்ச்சுதல், வெந்நீர் வைத்தல், இட்லி அவித்தல், குக்கரில் சாதமும் பருப்பும் வேகவைத்தல் ஆகியவற்றுக்கு ஜ்வாலையின் தயவு தேவையில்லை. இவற்றில் இண்டக்ஷன் விரைவாகவும் செய்யும். நேரம் குறித்துவிட்டால் தானே நின்றும் விடும். சாதம் வடிப்பதற்கென்றே 1955-ல் ஜப்பானில் மின்சாரக் குக்கர் விற்பனைக்கு வந்தது. ஜோதியில் மூழ்கியதுபோல் அந்தத் தேசம் முழுவதும் அதற்கு மாறிவிட்டது. அரிசி தின்னும் ஜனங்களுக்கு இது கவனிக்கத் தக்கது.

வெக்கையும் சுவாசமும்

சித்திரை வைகாசியில் மதுரை வெயில் 40 டிகிரி சென்டிகிரேடைத் தொடுவது சகஜம். அந்த வெயிலில் வாயு அடுப்பின் முன் நிற்பது இரண்டாவது சூரியனின் முன் நிற்பது போலாகும். ஜ்வாலை அணைந்துவிடுமென்று விசிறியும் போட இயலாது. இண்டக்ஷன் அடுப்பில் அந்தத் தொல்லையில்லை. தலைக்கு மேல் விசிறி சுற்றும்போதே சமைக்கலாம். ஹாலில் குளிர்சாதனம் வைக்கப் பணம் ஒதுக்கும் குடும்பத் தலைவர்கள், சமையலறையில் நிற்பவரின் வெக்கையையும் ஒரு செலவாக வைத்து எண்ணிப் பார்க்கவேண்டுமென்று வேண்டிக்கொள்கிறோம்.

விறகுப் புகையோடு ஒப்பிட்டால் வாயு பரம சுத்தம், அதில் விவாதமில்லை. ஆயினும் எரியும் ஜ்வாலை எதுவாயினும் நைட்ரஜன் டை ஆக்ஸைடு என்ற நச்சு வாயுவைச் சிறிது வெளியிடும். ஜன்னலில்லாத சமையலறையில் அது தங்கி, ஆஸ்த்மா உள்ள குழந்தைகளுக்குத் தொந்தரவு கொடுக்கக்கூடும். அமெரிக்காவில் பெர்க்லி நகரம் 2019-ல் புதுக் கட்டடங்களுக்கு வாயுக் குழாயே கூடாதென்று சட்டமியற்றியது. 2023-ல் மேல் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. நமக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. ஜன்னலைத் திறந்து வைப்பதற்குச் சட்டம் வேண்டாம்.

அபாயம் இரண்டிலும் உண்டு

சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. தரையோடு படிந்து பள்ளத்தில் தேங்கும். சுவரோடு சுவர் ஒட்டி நீளமாகக் கட்டிய பழைய மதுரை வீடுகளில் சமையலறைக்கு உயரத்தில் ஒரு புகைபோக்கி இருக்கும், தரையோரத்தில் வழியிராது. அத்தகைய வீட்டில் தரை மட்டத்தில் ஒரு காற்று வழி விடவேண்டியது அவசியம். சிலிண்டர் நிமிர்ந்தே நிற்கவேண்டும். அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்கவேண்டும். ரப்பர்க் குழாயை ஐந்து ஆண்டுக்கொரு முறை மாற்றவேண்டும். கசிவை அறிவதற்கென்றே வாயுவில் துர்நாற்றப் பொருள் கலக்கிறார்கள். அந்த நாற்றம் வந்தால் விளக்கு ஸ்விட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, வெளியே வந்து 1906 என்ற அவசர எண்ணுக்குப் பேசவேண்டும்.

மின்சாரமும் சாதுவன்று. 2,000 வாட் அடுப்பு சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். மிக்ஸிக்குப் போடும் சிறிய 6 ஆம்பியர் பிளக்கில் அதைச் செருகினால் கம்பி உருகும். 16 ஆம்பியர் பிளக், தகுந்த தடிப்பில் தனிக் கம்பி, சரியான எர்த் இணைப்பு, கசிவு மின்சாரத்தைக் கண்டு உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் பாதுகாப்புக் கருவி ஆகிய நான்கும் இல்லாத வீட்டில் மின்சார அடுப்பு வாங்குவது, கூரையில்லாத வீட்டில் மெத்தை வாங்குவதற்கு ஒப்பாகும். பழைய வீடுகளில் முதலில் எலக்ட்ரீஷியனை அழைத்துக் கம்பிகளைப் பரிசோதிக்கச் செய்யுங்கள். அடுப்புக் கடைக்குப் பிறகு போகலாம். இருதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் இண்டக்ஷன் அடுப்பை நெருங்குமுன் வைத்தியரைக் கேட்டுக்கொள்ளவேண்டும்.

வெந்நீர் விஷயத்தில் நமது கருத்து இன்னும் கண்டிப்பானது. மூடிய குளியலறைக்குள் வாயுக் கீஸர் வைப்பது யமனுக்கு இடம் கொடுப்பதாகும். காற்றோட்டமில்லாத அறையில் அது கார்பன் மோனாக்ஸைடை உண்டாக்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குளிக்கப் போனவர் மயங்கி விழுந்து உயிரிழந்த செய்திகள் நாட்டின் பல பாகங்களிலிருந்தும் வந்திருக்கின்றன. மார்கழிக் குளிரில் 15 லிட்டர் தண்ணீரைக் குளிக்கும் பதத்துக்குச் சுடவைக்க மூன்றில் ஒரு பங்கு யூனிட் மின்சாரம் போதும். அந்த அற்பச் செலவுக்காக உயிரைப் பணயம் வைப்பானேன்? சொந்த மாடி உள்ளவர்கள் சூரிய வெந்நீர்ச் சாதனத்தை வைத்துக்கொண்டால் அந்தச் செலவும் இல்லை. மதுரை வெயிலுக்கு இதைவிட நல்ல வேலை கொடுக்க முடியாது.

நமது முடிவு

வாயு இணைப்பை யாரும் ஒப்படைத்துவிட வேண்டாம். அதனருகில் நல்ல கம்பி இணைப்போடு ஒரு இண்டக்ஷன் அடுப்பை வைத்துக்கொள்ளலாம். பால், வெந்நீர், இட்லி, குக்கர் ஆகியவை மின்சாரத்தின் பங்கு. தாளிப்பு, வறுவல், சுடுவது, கல்சட்டிக் குழம்பு ஆகியவை வாயுவின் பங்கு. சிறிய மின் கட்டணமுள்ள வீடுகள் மின்சாரத்தின் பங்கைத் தாராளமாக உயர்த்தலாம். ஐந்நூறு யூனிட்டை நெருங்கும் வீடுகள் கணக்கைப் பார்த்துப் பார்த்து நடக்கவேண்டும். யூனிட்டுக்கு அதிக விலை கொடுக்கும் குடித்தனக்காரர்களும், மின்னழுத்தம் குறைந்து விளக்கு மங்கும் கிராமங்களில் இருப்பவர்களும் இப்போதைக்கு வாயுவையே பிரதானமாகக் கொள்வது நலம்.

எந்த அடுப்பானாலும் செலவைக் குறைக்கும் வழிகள் சில உண்டு. பருப்பை ஊறவைத்து வேகவைப்பது, பாத்திரத்தை மூடி வைப்பது, குக்கருக்கு விசில் வந்தவுடன் தணலைக் குறைப்பது, பர்னரை வாரம் ஒருமுறை சுத்தம் செய்வது ஆகியவற்றுக்குக் காசு செலவில்லை. புது அடுப்பு தரும் மிச்சத்தைவிட இவை தரும் மிச்சம் அதிகமாயிருந்தாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை.

கடைசியாக ஒரு வார்த்தை. அடுப்பு வாங்கக் கடைக்குப் போகும்போது, ரசீதையும் கணக்கையும் பார்க்கத் தெரிந்தவர் போனால் மட்டும் போதாது; அடுப்பின் முன் நிற்கப் போகிறவரும் உடன் போகவேண்டும். தீர்ப்புச் சொல்லும் உரிமை அவருக்கே முதலில் உண்டு.